கைபேசி யார் கையில்?

விஞ்ஞானம் வளர வளர ஆசிரியரின் பணி எளிதாகும் என்பர். ஆனால் கைபேசி வந்தபின் அவர்களுடைய கவலையே வளர்ந்திருக்கிறது. "வகுப்பினுள் கைபேசி வந்தால் கவனம் வெளியே போய்விடும்" என்கின்றனர் ஆசிரியைகள் பலர். "நல்லதற்குப் பயன்படுத்தினால் என்ன?" என்கின்றனர் வேறு சிலர்.

முதல் சாராரின் அச்சம் வீண் அச்சமன்று. கைபேசி அருகில் இருப்பதே மாணவர் கவனத்தைச் சிதறடிக்கக்கூடும் என்று 2023-ஆம் ஆண்டு யுனெஸ்கோ வெளியிட்ட கல்வி அறிக்கையும் எச்சரித்தது. பாடம் தேடத் தொடங்கும் விரல் வேறெங்கோ போய்விடும் என்பதை மாணவியராகிய நாங்களும் மறுக்கவில்லை.

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாடு அரசுப் பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன. தீக்‌ஷா செயலி கொண்டு ஸ்கேன் செய்தால் பாடத்திற்குரிய காணொளியைப் பார்க்கலாம். பாடநூல் கைபேசியைக் கேட்கிறது; வகுப்பறையோ வேண்டாம் என்கிறது. ஆகவே வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஆனால் எல்லா வீடும் ஒன்றா? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டுக்குப் போகும் தந்தையோடு வீட்டின் ஒரே கைபேசியும் போய்விடும் குடும்பங்கள் உண்டு. இருக்கும் கைபேசி முதலில் தம்பிக்கே என்னும் குடும்பங்களும் உண்டு. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைபேசி இருந்தவள் படித்தாள்; இல்லாதவள் பின்தங்கினாள். அந்த ஏற்றத்தாழ்வு தொடரலாமா?

ஆகையால் எங்கள் கருத்து இதுவே: கைபேசி மாணவியர் கையில் வேண்டாம், ஆசிரியையின் கையில் இருக்கட்டும். இதயம் இரத்தத்தைச் செலுத்தும் விதத்தை ஐந்தே நிமிடம் அசையும் படமாகக் காட்டி, பின்பு அதை மூடிவைத்துவிட்டுக் கேள்வி கேட்கட்டும். அப்போது கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளையும் மற்றவர்களோடு சேர்ந்தே கற்பாள்.

இதற்கு ஆசிரியைகள் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தம் சொந்தக் கைபேசியை எடுத்தால், "டீச்சரே வகுப்பில் செல்போன் பார்க்கிறார்" என்ற பழிச்சொல் வருமே என அஞ்சுகின்றனர். வகுப்புக்கென்று ஒரு பொதுக் கருவியைப் பள்ளி வழங்கினால் இவ்வச்சம் நீங்கும். பெற்றோரும் ஆசிரியைகளை ஐயுறாது நம்ப வேண்டும்.

கத்தியைப் பூட்டி வைத்தால் மட்டும் சமையல் கற்க முடியாது. அதைப் பிடிக்கும் விதத்தை அன்னை காட்டித் தருவதுபோல, கைபேசியைப் பயன்படுத்தும் விதத்தை ஆசிரியைகள் காட்டித் தர வேண்டுமென்பதே எங்கள் பணிவான வேண்டுகோள்.

– பத்தாம் வகுப்பு மாணவி