சொல்லும் நாங்களும்: கூர்ப்பா, பரிணாமமா?



சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொப்பியில் அவள் எழுதிய 'கூர்ப்பு' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே 'பரிணாமம்' என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான். "அப்பா, நீங்கள் பிழையாச் சொல்லித் தந்திட்டீங்கள்" என்றாள். பள்ளிக்கூடப் பாடம் எதையும் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த முடியாத எங்களைப் போன்றவர்களிடம் கைவசம் இருப்பது தமிழ் ஒன்றுதான். அதிலும் சிவப்புக் கோடு விழுந்தால் என்ன செய்வது?

எங்கள் படிப்பு 2008 இல் வன்னியில் பத்தாம் வகுப்போடு, இடப்பெயர்வில் நின்று போனது. ஆனாலும் விஞ்ஞான வாத்தியார் கரும்பலகையில் எழுதிய 'கூர்ப்பு' மறக்கவில்லை. இலங்கைப் பாடப்புத்தகச் சொல் அது. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பரிணாமம். இங்கே வெஸ்ட் வின்ட்சர்க் கடையில் தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பினால் அது பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தமிழ்தான். வகுப்பு ஆசிரியையும் அங்கிருந்து வந்தவர். தான் படித்ததை எழுதினார். அவரில் குறை சொல்ல மாட்டோம்.

இரவு வேலை இல்லாத நாட்களில் இரண்டு சொல்லையும் தேடிப் பார்த்தோம். பரிணாமம் வடமொழிச் சொல். பழைய தத்துவ நூல்கள் இதற்குப் பால் தயிராவதை உதாரணம் காட்டும். கூர்ப்பு தமிழ்ச் சொல், தொல்காப்பியத்திலேயே உண்டு. உள்ளது மிகுந்து சிறத்தல் என்று பொருள்.

வேடிக்கை என்னவென்றால், டார்வின் 1859 இல் வெளியிட்ட புத்தகத்தின் முதற் பதிப்பில் 'எவலூஷன்' என்ற சொல்லே இல்லை. அதன் வினைவடிவம் ஒன்று கடைசிச் சொல்லாக வருகிறது, அவ்வளவுதான். அவர் சொன்னது 'டிசென்ட்', அதாவது மாற்றத்தோடு வழிவழியாக வருதல். 1871 இல் மனிதனைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலும் அதே சொல்தான். அகராதியில் முதலில் 'இறக்கம்' என்று கண்டு, மரத்திலிருந்து இறங்கியதைச் சொல்கிறார்களாக்கும் என்று நினைத்துவிட்டோம்! ஊரில் கிழவர்கள் "நீ ஆற்றை பேரன்?" என்று கேட்பார்களே, அந்த வழிதான் இது.

"அப்ப நாங்கள் குரங்கிலயிருந்தா வந்தனாங்கள்? பிறகேன் இன்னும் குரங்கு இருக்கு?" என்று மகள் கேட்டாள். பால் தயிரானால் பால் மிஞ்சாது. அந்த உதாரணத்தை நினைத்தால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். நாங்கள் குடும்பத்தைக் காட்டினோம். எங்கள் பூட்டன் கிளிநொச்சியில். அவர் வழி வந்தவர்களில் ஒருவர் டொரன்ரோவில், ஒருவர் பாரிசில், நாங்கள் இங்கே. டொரன்ரோப் பிள்ளை பாரிஸ் பிள்ளையாக மாறவில்லை. இருவருக்கும் பூட்டன் ஒருவர். சிம்பன்சியும் எங்களுக்குப் பூட்டனல்ல, தூரத்துச் சகோதரம். இரு வழிக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது சுமார் 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்.

கூர்ப்பு என்ற சொல்லிலும் ஒரு வழுக்கல் உண்டு. எல்லாம் மேலும் மேலும் சிறந்துகொண்டே போகும் என்று எண்ண வைக்கும். பக்கத்திலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து பீற்றர் கிராண்ட், றோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் கலாபகோஸ் தீவுகளில் ஃபின்ச் குருவிகளை அளந்தார்கள். 1977 வறட்சியில் சின்ன விதைகள் தீர்ந்துபோக, கடின விதையை உடைக்கக்கூடிய பெரிய சொண்டுக் குருவிகளே கூடுதலாகப் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளுக்கும் சொண்டு பெரிது. 1983 இல் பெருமழை பெய்து சின்ன விதைகள் பெருகின. அதன் பிறகு சின்னச் சொண்டுக்காரருக்கு வாய்த்தது. எந்தச் சொண்டு சிறந்ததென்று மழைதான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு மகள் கொப்பியில் இரண்டு சொல்லையும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போனாள். ஆசிரியை வெட்டவில்லை. 'கூர்ப்பு எங்கே வழங்கும்?' என்று கீழே கேட்டிருந்தார். பதில் எழுத நாங்கள் பேனையை எடுத்தோம். மகள் பறித்துக்கொண்டாள்.