பெட்டி கட்டும் முன்...!



கடைசி செமஸ்டர் முடிந்ததும் நம்மில் பலர் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறப் போகிறோம். அப்ரண்டிஸ் ஆர்டர் கைக்கு வந்தாலே வாழ்க்கை செட்டில் என்று நினைப்பு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் நமக்கு ஓராண்டுப் பயிற்சி. 2019-ல் திருத்திய விதியில் டிப்ளமோ படித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஆனால் ஒரு மாதத் தொகையை அடுத்த மாதம் 10-ந் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்பது விதி. ஒண்ணாந் தேதி சேர்ந்தவன் நாற்பது நாள் சொந்தக் காசில் சாப்பிடணும். ரூம் அட்வான்ஸ் வேறு!

இதை நமக்கு யார் சொல்வது? எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குச் சந்தைக் கணக்கு தெரியும். கம்பெனிக் கணக்கு தெரியாது. காசில்லாமல் திரும்பி வந்தவனை, "பையனுக்கு உடம்பு வணங்கல" என்றுதான் ஊர் பேசும். குறை உடம்பிலா? இல்லை, முன்னேற்பாட்டில்!

ஆகவே இறுதியாண்டிலேயே டீக்காசில் மிச்சம் பிடிப்போம். தனியாகப் போகாமல் நாலு பேர் சேர்ந்து ரூம் எடுப்போம். சர்டிபிகேட்டுக்கு மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து வைப்போம். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று இப்போதே பார்ப்போம்.

நம் சங்கமும் சீனியர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டு போடட்டும். ஆண்டு விழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, முதல் மாதக் கைமாற்றாகக் கொடுக்கட்டும். சம்பளம் வந்ததும் திருப்பித் தருவோம். அடுத்த செட் பையன்களுக்கு அது உதவும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!