முகப்புப் படத்துக்கும் கூலி உண்டு



சென்ற அன்னையின் திருநாளுக்கு நம் பங்கின் பாடகர் குழுவினர் ஏழு பாடல்களை ஒலிப்பதிவு செய்து இணையத்தில் வெளியிட முனைந்தனர். முகப்புப் படமும் ஆயத்தமாயிருந்தது. செபமாலை பற்றிய ஒரு மூதாட்டியின் முகமும் சுருக்கம் விழுந்த கைகளும். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "கூகுளில் தேடி எடுத்தோம் சாமி. கோவில் காரியந்தானே!" என்றனர். அந்த விடை எனக்கும் போதுமானதாயிருந்தது. சரி என்றேன்.

அருகில் நின்ற ஒருவர் மட்டும் பேசவில்லை. அவர் ஸ்டூடியோ வைத்துப் பிழைப்பவர். மறுநாள் தனியே வந்து, "சாமி, நான் எடுத்த தேர்ப்பவனிப் படத்தை வேற்றூரார் தங்கள் பாட்டுக்கு முகப்பாகப் போட்டுக்கொண்டார்கள். என்னைக் கேட்கவில்லை. அவர்களும் கோவில் காரியம் என்றுதான் சொன்னார்கள்" என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசே வழியாக வந்த கட்டளை. ஒளிப்படமும் ஒருவருடைய உழைப்பே அன்றோ? நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், அதன் 2012-ஆம் ஆண்டுத் திருத்தமும், படம் எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமையைக் காக்கின்றன.

படங்களைத் தொகுத்து உரிமம் வழங்கும் நிறுவனங்கள் பல உண்டு. அங்கே 'ராயல்டி ஃப்ரீ' என்றிருந்தால் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒருமுறை கட்டணம் செலுத்தினால், உரிமத்தின் வரம்புக்குள் மீண்டும் மீண்டும் செலுத்த வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். 'எடிட்டோரியல்' என்று குறித்த படம் செய்திக்கு உரியது. பாடல் முகப்புக்கு ஆகாது. ஆளை அடையாளம் காட்டும் படமாயின், அவருடைய எழுத்து மூலமான இசைவு பெறப்பட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். பெற்ற உரிமத்தின் படியைப் பத்திரப்படுத்துவதும் நன்று.

பணமில்லாதோர்க்கும் நேர்வழி உண்டு. 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமங்கள் 2002 முதல் வழங்கி வருகின்றன. அவற்றுள் சில, எடுத்தவர் பெயரைச் சொன்னால் போதும் என்பவை. சில, வணிகத்துக்கு ஆகாது என்பவை. சில, படத்தை மாற்றலாகாது என்பவை. வாசித்தே எடுக்க வேண்டும். நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், 2017-இல் தன் கலைச்செல்வங்களின் 3,75,000 படங்களை எவரும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அவற்றுள் அன்னையின் பழைய ஓவியங்களும் உள்ளன.

நம் இளைஞர்கள் அப்படத்தை நீக்கினர். நம் பங்கின் பாட்டி ஒருவரின் இசைவோடு, அதே ஸ்டூடியோக்காரர் புதுப்படம் எடுத்துத் தந்தார். கூலியை நீட்டியபோது, "அன்னைக்கு என் காணிக்கையாக இருக்கட்டும் சாமி" என்றார். அப்போதுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. காணிக்கை என்பது உரியவர் மனமுவந்து கொடுப்பது. அவரைக் கேளாமல் நாமே எடுத்து ஆண்டவர்முன் வைத்தால் அது காணிக்கையாகுமோ?

திருமண அழைப்பிதழுக்கும் நினைவஞ்சலி அட்டைக்கும் படம் தேடும் நம் பிள்ளைகளிடம் இன்றிரவு, செபமாலைக்குப்பின், இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். நேர்மையான கைகளால் அன்னையைப் புகழ இறைவன் நமக்கு அருள்வாராக.