காதை அடைத்துக் கேட்பது எதற்கு?

ஒலிப்பதிவு என்பது ஒரு காலத்திற் பெரிய நிலையங்களுக்கே உரிய காரியமாக இருந்தது. கொழும்பில் 1925 ஆம் ஆண்டு வானொலி ஒலிபரப்புத் தொடங்கிய பின்னர், தம் குரல் நாடெங்கும் கேட்க வேண்டுமென விரும்பிய யாழ்ப்பாணத்துக் கலைஞர் தலைநகருக்குப் புகையிரதம் ஏற வேண்டியிருந்தது. இன்றோ ஒரு மடிக்கணினியும் ஓர் ஒலிவாங்கியும் ஒரு ஹெட்போனும் இருந்தால், இணுவிலிலோ பருத்தித்துறையிலோ உள்ள வீட்டறையே கலையகமாகிவிடுகின்றது. இவற்றுள் முதலிரண்டையும் பலரிடம் விசாரித்து வாங்கும் நம் மாணவர், மூன்றாவதை மட்டும் கடைக் கண்ணாடிக்குள் கண்ட அழகுக்காக வாங்கிவிடுகின்றனர். பதிவு கெடுவதற்கு அதுவே பல வேளைகளிற் காரணமாகின்றது.

தலையில் அணியும் இக்கருவி நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தவரான நதானியல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் உருவாக்கிய ஹெட்போன்களை 1910 ஆம் ஆண்டளவில் அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. 1937 இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனம் டி.ரி. 48 என்ற கருவியை வெளியிட்டது. 1968 இல் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்னும் திறந்த வகையை அறிமுகஞ் செய்தது. இன்று விற்பனையாகும் கருவிகளிற் பெரும்பாலானவற்றை இரண்டு குலமாகப் பிரிக்கலாம். காதின் மேல் அமரும் கிண்ணத்தின் வெளிப்புறம் முழுதும் அடைக்கப்பட்டது ஒன்று. வலைபோல் துளையிடப்பட்டது மற்றொன்று. திறந்த வகையில் ஒலி காற்றோட்டமாய் இனிமையாய்க் கேட்கும். ஆயினும் நாம் கேட்பதை அருகிலிருப்போரும் கேட்பர்.

அருகிலிருப்போர் கேட்டால் என்ன குறை? ஒலிவாங்கியும் அருகில் இருக்கின்றது என்பதே குறை. பாடுபவர் சுருதியையும் தாளத்தையும் ஹெட்போனிற் கேட்டுக்கொண்டே பாடுகின்றார். வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் ஒலிவாங்கி நிற்கின்றது. திறந்த கருவியினின்று கசியும் தாளத்தட்டு குரலோடு சேர்ந்து பதிவாகிவிடும். பின்னர்த் தாளத்தை நீக்கிக் குரலை மாத்திரம் வைத்துக்கொள்ள முயன்றால், பாடகர் மூச்சு வாங்கும் இடந்தோறும் அந்தத் தட்டு மெல்லக் கேட்டபடியே இருக்கும். பாலிற் கலந்த நீரைப் போல அதனைப் பிரிப்பது அரிது. ஆகவே பதிவு வேளையில் அணிய வேண்டியது அடைத்த வகையே.

பாடுபவருக்கு மட்டுமன்று, பதிவு செய்பவருக்கும் இஃது இன்றியமையாதது. நம் குடாநாட்டுக்கு இதில் ஒரு தனிக் கவலையும் உண்டு. தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். இசை நாடகத்தின் அரிச்சந்திரனாகப் புகழ்பெற்ற நடிகமணி வி. வி. வைரமுத்து 1989 இல் மறைந்தார். அவர்களை நேரிற் கேளாத தலைமுறைக்கு எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகளே அறிமுகம். 1981 இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களை இழந்தவர்கள் நாம். மறுபடி பெற இயலாத பொருள் எத்தகையதென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. முதிர்ந்த அண்ணாவியார் ஒருவரின் கூத்துப் பாடல்களைப் பதியச் செல்லும் மாணவனுக்கு ஒரே ஓர் அமர்வுதான் வாய்க்கக்கூடும்.

அந்த அமர்வில் அவன் வெறுங்காதோடு இருந்தால், பாட்டையே கேட்பான். மனித மனம் வேண்டாத ஓசையைத் தானே ஒதுக்கிவிடும். ஒலிவாங்கிக்கு அந்த மனம் இல்லை. மின்விசிறியின் முனகல், பனையோலையின் சலசலப்பு, அயல் வளவில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம், தொலைவிலுள்ள கோயில் ஒலிபெருக்கி ஆகிய அனைத்தையும் அது சமமாய் ஏற்றுக்கொள்ளும். காதை நன்றாக மூடும் ஹெட்போனை அணிந்தவனோ, ஒலிவாங்கி கேட்பதை அக்கணமே தானுங் கேட்பான். “ஐயா, விசிறியை நிறுத்திவிட்டு இன்னுமொரு முறை பாடுவோமா?” என்று பணிவோடு கேட்க அப்போது வழியுண்டு. வீடு திரும்பிய பின் குறையைக் கண்டறிந்து யாது பயன்?

இனி, தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டியவை. முதலாவது மின்தடை. இதனை ஓம் என்னும் அலகாற் குறிப்பர். சோனி எம்.டி.ஆர். 7506 கருவி 63 ஓம், ஓடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் 38 ஓம், பேயர்டைனமிக் டி.ரி. 770 புரோ 32, 80, 250 ஓம் என மூன்று வகையாகக் கிடைத்து வந்துள்ளது. எண் உயர்ந்தால் தரமும் உயரும் என்று எண்ணுவது பிழை. 250 ஓம் கருவியை மடிக்கணினியில் நேரே செருகினால் ஒலி பெரும்பாலும் நலிந்தே கேட்கும். அதற்குத் தக்க ஆம்பிளிபயர் வேண்டும். வீட்டறையில் வேலை செய்யும் மாணவனுக்கு 80 ஓமுக்கு உட்பட்டதே போதுமானது.

இரண்டாவது காதுமெத்தை. நம் ஊர் வெக்கையில் விசிறியையும் நிறுத்திவிட்டுப் பதிவு செய்யும்போது, செயற்கைத் தோல் மெத்தை வியர்வையில் ஊறி நாளடைவில் உரியும். துணிமெத்தை காதுக்கு இதம். எதுவாயினும், கழற்றி மாற்றக்கூடியதா, மாற்று மெத்தை விலைக்குக் கிடைக்குமா என்று வாங்குமுன் விசாரித்துக்கொள்க. மூக்குக்கண்ணாடி அணிவோர் அதனை அணிந்தபடியே கேட்டுப் பார்த்தல் வேண்டும். கண்ணாடிக் காம்பு மெத்தையைச் சிறிது விலக்கினாலும் தாழ்ந்த ஒலிகள் குறைந்துவிடும். மூன்றாவது கம்பி. கம்பியில்லாப் புளூடூத் கருவியில் ஒலி நொடியின் பத்திலொரு பங்கோ அதற்கு மேலோ பிந்தி வருவது வழக்கம். தாளத்தோடு பாடுபவரை அது தடுமாறச் செய்யும். ஆகவே பதிவுக்குக் கம்பியுள்ளதே உகந்தது.

பதிந்தவற்றை ஒருங்கிணைக்கும் ஒலிக்கலவை வேலைக்கும் இதே கருவி போதுமா? ஓரளவே போதும். அடைத்த கிண்ணத்துள் ஒலி சுவரில் மோதித் திரும்புவதால், பல கருவிகளில் தாழ்ந்த மீடிறன்கள் மிகுந்து கேட்கும். தவிலின் தொப்பி ஒலி அளவுக்கு மிஞ்சிவிட்டதென மயங்கி அதனைக் குறைப்போம். பிறர் வீட்டு ஒலிபெருக்கியிலே தவில் உயிரற்று ஒலிக்கும். மேலும், ஹெட்போனில் இடப்பக்க ஒலியை இடக்காது மாத்திரமே கேட்கின்றது; ஒலிபெருக்கியிலோ இரு காதுகளும் கேட்கின்றன. எனவே ஹெட்போனில் விலகி நிற்பதாகத் தோன்றும் வாத்தியங்கள் வெளியே நெருங்கிவிடும். எனினும், சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவருமாக எதிரொலிக்கும் நம் அறைகளில் ஒலிபெருக்கியும் உண்மை பேசாது. கலவையை ஹெட்போனிற் செய்து, பின் ஒலிபெருக்கியிலும் கைத்தொலைபேசியிலும் கேட்டுத் திருத்துவதே நடைமுறைக்கு ஏற்றது.

பெற்றோருக்கும் ஒரு சொல். அடைத்த கருவி வெளியோசையைத் தடுப்பதால் குறைந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்க முடியும். அந்த நன்மையைப் பிள்ளைகள் பயன்படுத்திக்கொள்ளல் வேண்டும். வளர்ந்தோர் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒலி கூடக்கூட அந்த நேரம் விரைந்து சுருங்கும். இழந்த செவிப்புலனை மீட்பதற்கு மாற்று மெத்தை போல் எதுவும் கடையில் இல்லை.

வாங்கச் செல்லும்போது, உங்களுக்கு நன்கு பழகிய ஒரு குரலின் பதிவைக் கைத்தொலைபேசியிற் கொண்டு செல்லுங்கள். தந்தையாரின் தேவாரமாகவும் இருக்கலாம், நண்பனின் பேச்சாகவும் இருக்கலாம். அதனைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, உடன் வந்தவரை அருகில் நின்று செவிமடுக்கச் சொல்லுங்கள். அக்குரல் உங்களுக்கு இயல்பாகவும் அவருக்குக் கேளாமலும் இருக்குமாயின், அந்தக் கருவியை நம்பி அண்ணாவியாரின் முற்றத்துக்குப் போகலாம்.