2 கிலோஹெர்ட்ஸிலிருந்தே சோதனை வேண்டும்: வீட்டு மின்கருவிகளின் மின்காந்த இணக்கம் குறித்த நிலைப்பாடு

ஒரு மின்னணுக் கருவி பக்கத்துக் கருவியைக் கெடுக்காமலும், அதனால் தான் கெடாமலும் வேலை செய்வது மின்காந்த இணக்கம். சோதனைக்கூடங்கள் இதை அதிர்வெண் வாரியாகப் பிரித்து அளக்கின்றன. மின்கம்பி வழியே வெளியேறும் இரைச்சலை 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், காற்றில் பரவுவதை அங்கிருந்து 1 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலும் பார்ப்பது வழக்கம். உள்ளே வேகமான செயலி இருந்தால் 6 ஜிகாஹெர்ட்ஸ் வரை செல்வார்கள். கீழ்முனையில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் 40-ஆம் மடங்கான 2 கிலோஹெர்ட்ஸ் வரை வேறொரு தரநிலை கவனித்துக்கொள்கிறது. நடுவில் கிடக்கும் 2 முதல் 150 கிலோஹெர்ட்ஸ் வரையான பகுதியில் பெரும்பாலான வீட்டுக் கருவிகளுக்கு உமிழ்வு வரம்பே இல்லை. இந்தியத் தரநிலைகள் இந்த இடைவெளியை மூட வேண்டும் என்பதே கல்வராயன்மலையின் வெள்ளிமலை வட்டார மின்நுகர்வோர் சார்பில் முன்வைக்கப்படும் நிலைப்பாடு.

150 என்ற எல்லைக்கு வேர் வானொலி. இந்த வரம்புகளை வகுக்கும் சிஸ்பிஆர் என்ற பன்னாட்டுக் குழு 1934-இல் தோன்றியதே வானொலி ஒலிபரப்பைக் காப்பதற்காகத்தான். ஐரோப்பாவின் நெட்டலை ஒலிபரப்பு 150-ஐ ஒட்டித் தொடங்குவதால் அளவீடும் அங்கே தொடங்கியது. அந்த வேலையை எல்லை ஒழுங்காகவே செய்கிறது. 72 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் எல்.இ.டி. விளக்கின் மின்சுற்றை எடுத்துக்கொண்டால், அதன் 10-ஆம் மடங்கு சென்னை வானொலியின் 720-இல் விழும். 13-ஆம் மடங்கு திருச்சி வானொலியின் 936-இல் விழும். மலையில் வானொலியில் இதனால் கேட்கும் கரகரப்பைப் பிடிக்க இன்றைய சோதனையே போதும். ஆனால் இதேபோல் இயங்கும் வேறு பல கருவிகளின் மூல அதிர்வெண் எவர் கண்ணிலும் படாமல் போகிறது.

அந்தக் காலத்து வீட்டில் 2-க்கும் 150-க்கும் நடுவே இரைச்சல் எழுப்ப அதிகம் எதுவும் இல்லை. இன்று செல்போன் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர், மோட்டாரின் வேகத்தை மாற்றும் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் இந்தப் பகுதியில்தான் மின்சாரத்தை வெட்டி வெட்டிச் செலுத்துகின்றன. இந்த மின்னோட்டம் டிரான்ஸ்பார்மர் வரை போய்விடுவதில்லை. பெரும்பகுதி பக்கத்துக் கருவியின் மின்தேக்கிக்குள் புகுந்து அதைச் சூடேற்றுகிறது.

மலைக்கு இதில் தனி அக்கறை உண்டு. சோதனைக்கூடத்தில் கருவிக்கும் மின்வழிக்கும் இடையே ஒரு செயற்கை மின்வழிப் பெட்டி வைக்கப்படுகிறது. ஓர் ஒழுங்கான மின்வழியின் மின்மறுப்பை அது பாவனை செய்கிறது. கல்வராயன்மலையின் சிதறிய சிற்றூர்களில், நீண்ட தாழ்வழுத்தக் கம்பியின் கடைசி வீட்டுக்கு வரும் மின்வழி அப்படி ஒழுங்காக இருக்க வேண்டியதில்லை. மின்மறுப்பு கூடக்கூட, அதே இரைச்சல் மின்னோட்டம் அதிக இரைச்சல் அழுத்தமாக மாறும்.

மீட்டரும் ஒரு மின்னணுக் கருவியே. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மின்னணு மீட்டர்களில் ஐந்து உண்மையைவிட மிக அதிகமாகக் காட்டின. உச்சமாக 582 விழுக்காடு வரை. மங்கலாக்கியோடு இணைத்த விளக்குகள் எழுப்பிய கூர்மையான மின்னோட்டத் துடிப்புகளே காரணம். அது ஆய்வகத்தில் கூட்டிவைத்த நிலைமை. மலையில் உள்ள மீட்டர்கள் தவறு என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆயினும் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்ற கணக்கு மீட்டர் காட்டும் எண்ணை நம்பியே இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் பரவலாவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

இந்த இடைவெளிக்கு விதிவிலக்குகள் உண்டு. விளக்குகளுக்கும் இண்டக்‌ஷன் அடுப்புகளுக்கும் சிஸ்பிஆர் 9 கிலோஹெர்ட்ஸிலிருந்தே வரம்பு வைத்துள்ளது. இந்தியாவில் எல்.இ.டி. விளக்குக்குக் கட்டாயப் பதிவு இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது மின்பாதுகாப்பை, இரைச்சலை அல்ல. பொது மின்வழியில் 2 முதல் 150 வரை எவ்வளவு இரைச்சல் தாங்கலாம் என்ற இணக்க அளவுகளைப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 2017, 2018 திருத்தங்களில் வகுத்துவிட்டது. ஐ.எஸ். 14700 வரிசையில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அவற்றைச் சேர்த்து, கருவி வாரியாக உமிழ்வு வரம்புகளையும் வகுக்க வேண்டும். மின்சார மீட்டர்களுக்கும் சோலார் இன்வெர்ட்டர்களுக்கும் முதலிடம் தரலாம். மீட்டர்களுக்கு உமிழ்வு மட்டும் போதாது, இதே பகுதியில் தாங்குதிறன் சோதனையும் கட்டாயமாக வேண்டும்.

எல்லாக் கருவியையும் எல்லா அதிர்வெண்ணிலும் சோதிக்கச் சொல்வது இதன் பொருள் அல்ல. சாதாரண விளக்கை 6 ஜிகாஹெர்ட்ஸ் வரை அளப்பது வீண் செலவு. அந்தச் செலவு விலையில் ஏறி வாங்குபவர் தலையில்தான் விழும். கீழ்ப்பகுதியை அளப்பதற்குப் புதிய கதிர்வீச்சு அறை எதுவும் தேவையில்லை. இணக்கச் சோதனைக்கான அளவீட்டு ஏற்பிகள் பொதுவாக 9 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கக்கூடியவை. 2 முதல் 9 வரையான பகுதிக்கான அளவீட்டு முறையை, சென்னை தரமணியில் உள்ள சமீர் மையம் போன்ற அரசு நிறுவனங்கள் வகுத்துத் தரலாம். சிறு உற்பத்தியாளர்களுக்கு அங்கே சலுகைக் கட்டணமும், பழைய சரக்கை விற்றுத் தீர்க்க உரிய கால அவகாசமும் தரப்பட வேண்டும்.