பத்துக் கையெழுத்தையும் காப்போம், தோழர்களே!

வேட்புமனுத் தாக்கல் தொடங்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. சுவர் விளம்பர வேலையை ஒருநாள் நிறுத்திவிட்டு, இந்தக் கடிதத்தைக் கிளைக் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி படியுங்கள். நம் வேட்பாளரை வீழ்த்த வாக்குப்பதிவு நாள்வரை யாரும் காத்திருக்கப் போவதில்லை. பரிசீலனை மேசையிலேயே கணக்கை முடிக்கத்தான் பார்ப்பார்கள்.

சூரத்தை மறக்காதீர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் அங்கே காங்கிரஸ் வேட்பாளர் நிலேஷ் கும்பானியை முன்மொழிந்தவர்களே, மனுவில் இருப்பது தங்கள் கையெழுத்து இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மனு தள்ளுபடி. மாற்று வேட்பாளரின் மனுவும் போயிற்று. மிச்சமிருந்தவர்களும் விலகிக்கொள்ள, ஏப்ரல் 22 அன்று பா.ஜ.க.வின் முகேஷ் தலால் போட்டியின்றி வென்றதாக அறிவித்தார்கள். மே 7 அன்று குஜராத்தின் மற்ற தொகுதிகளில் மக்கள் வரிசையில் நின்றார்கள். சூரத்தில் வரிசையே இல்லை. முன்மொழிந்தவர்களே கையெழுத்தை மறுப்பது நம் தமிழ்நாட்டிலும் நடந்ததுதான். 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலை முன்மொழிந்த பத்துப் பேரில் இருவர் கையெழுத்தை மறுத்தார்கள். மீதி எட்டுக் கையெழுத்தும் செல்லாமல் போயிற்று.

அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒரு முன்மொழிபவர் போதும். நமக்கு அந்த அங்கீகாரம் இல்லை. நமக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும்.

“தள்ளுபடி செய்தால் செய்யட்டும், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்” என்று சில தோழர்கள் தைரியமாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு நாமக்கல்லை நினைவூட்டுகிறேன். 1951 இறுதியில் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது அந்தத் தொகுதியில் என்.பி. பொன்னுசாமியின் மனு தள்ளுபடியானது. அவர் சென்னை உயர்நீதிமன்றம் போனார், அங்கிருந்து உச்சநீதிமன்றமும் போனார். 1952 ஜனவரி 21 அன்று தீர்ப்பு வந்தது: அரசமைப்பின் 329-ஆம் பிரிவின்படி, தேர்தல் தொடங்கிவிட்டால் நீதிமன்றம் நடுவில் தலையிட முடியாது, முடிந்தபின் தேர்தல் மனுதான் போட வேண்டும். எழுபது ஆண்டு தாண்டியும் நாடு முழுக்க இந்த நாமக்கல் வழக்கைத்தான் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். முடிவு வந்த 45 நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் மனுப் போடலாம், உண்மைதான். தகாத முறையில் மனுவைத் தள்ளினார்கள் என்று நிரூபித்தால் அந்தத் தேர்தலே செல்லாது, அதுவும் உண்மைதான். ஆனால் எப்போது? 2019-இல் வாரணாசியில் தேஜ் பகதூர் யாதவின் மனு தள்ளுபடியானது. உச்சநீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளி வழக்கை முடித்தபோது 2020 நவம்பர்.

முன்பு ஒரு தேர்தலில் நம் மனு போன கதையைப் புதிய தோழர்கள் அறிய வேண்டும். அன்று அந்த மேசைக்கு முன்னால் நின்றவன் நான். எட்டாவது கையெழுத்து நம் டீக்கடைத் தோழருடையது. கடை நம் தொகுதியில், வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அடுத்த தொகுதியில். இருபது வருடமாக நம் கொடிக்கம்பத்தடியில் நிற்கிறவரிடம் ‘உங்கள் ஓட்டு எங்கே?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் வாக்காளர் பட்டியலைப் புரட்டி, அந்த வரியில் பென்சிலை வைத்துக் காட்டினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வேட்பாளர் நான்கு மனுக்கள்வரை கொடுக்கலாம் என்று சட்டம் இருக்க, நாங்கள் ஒன்றே ஒன்று கொடுத்திருந்தோம். அந்தத் தோழர் வாசலில் நின்று அழுததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. தப்பு அவருடையது இல்லை. நம்முடையது.

ஆகவே தோழர்களே, நான்கு மனுக்களும் தயாராகட்டும். முடிந்தவரை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பத்துப் பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் இருவர் நேரில் போய், புதிய பட்டியலில் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். பட்டியல் திருத்தத்துக்குப் பின் பழைய எண்களை நம்பவே கூடாது. கையெழுத்துப் போட்டவரைப் பரிசீலனை முடியும்வரை தனியாக விடாதீர்கள். மிரட்டல் அவர் வீட்டு வாசலுக்குத்தான் முதலில் வரும்.

படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. சொத்து இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். காலியாக விட்டதை நினைவூட்டியும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. போராட்ட வழக்குகள் அத்தனையையும் எழுதுங்கள். நிலுவை வழக்கு யாருடைய தகுதியையும் பறிக்காது, மறைத்தால்தான் ஆபத்து. மனுக் கொடுத்த கையோடு உறுதிமொழி எடுத்துவிட வேண்டும். பரிசீலனை நாளன்று எடுத்தால் செல்லாது.

மேசையில் ஆட்சேபம் வந்தால் பதறாதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36-ஆம் பிரிவைக் கையில் வைத்திருங்கள். முக்கியமில்லாத குறைக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று அதில்தான் இருக்கிறது. பதில் சொல்ல அவகாசம் கேளுங்கள், அடுத்த நாளுக்கு மறுநாள்வரை தர இடமுண்டு. தள்ளினால் காரணத்தை எழுத்தில் வாங்காமல் இடத்தைவிட்டு நகராதீர்கள்.

இன்னொன்று. எதிரணி மனுவில் எழுத்துப்பிழை தேடி அலையும் வேலை நமக்கு வேண்டாம். தண்டனை பெற்றவர், அரசு ஒப்பந்தம் கையில் வைத்திருப்பவர் என்றால் ஆதாரத்தோடு எழுந்து சொல்லுங்கள். மற்றபடி அவர்களை மக்கள் முன்னால் சந்திப்போம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கட்சி அலுவலகத்துக்கு வாருங்கள். பாகவாரியாகப் பட்டியல் அச்செடுத்து வைத்திருக்கிறோம். முதலில் வாய்க்கால் தெருவிலிருந்து தொடங்குகிறோம்.