வாசலில் நிற்கும் டிபன் வண்டி நமக்குப் பகையா?

மளிகைக் கடை வாசல்களில் காலை வேளையில் நிற்கும் டிபன் வண்டிகளை அகற்ற வேண்டும் என்ற பேச்சு, நம் வானகரம் வட்டார வணிகர்களிடையே அடிக்கடி எழுகிறது. "வாடகை கொடுப்பது நாம், கூட்டம் சேர்வது அவனிடத்தில்" என்று குறைப்படுகிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் வண்டி போய்விட்டால் நமக்கு லாபமா, நஷ்டமா என்று கணக்குப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். அப்படிக் கணக்குப் பார்க்க ஒரு நல்ல உதாரணம் மலேசிய நாட்டில் இருக்கிறது.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ அமைப்பு, மனித குலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் மலேசியாவின் காலை உணவுப் பழக்கத்தையும் சேர்த்தது. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் காலையில் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிற அன்றாட வழக்கத்துக்குக் கிடைத்த பெருமை இது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றை அதில் முக்கியமாகச் சொல்கிறார்கள். இம்மூன்றில் இரண்டு நம் தமிழர்கள் கைவழியாக அந்த நாட்டில் பரவியவை என்பதை நம்மவர்கள் பலர் அறிய மாட்டார்கள்.

நாசி லெமாக் என்பது தேங்காய்ப் பாலில் பாண்டான் என்னும் வாசனை இலை போட்டு வேகவைத்த சோறு. அதனுடன் மிளகாய் சம்பல், பொரித்த நெத்திலி, வறுத்த வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, முட்டை ஆகியவற்றை வைத்து வாழை இலையில் பொட்டலம் கட்டித் தருவார்கள். ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் தம்பி. பருப்புக் குழம்போ மீன் குழம்போ ஊற்றிச் சாப்பிடுவது. சானாய் என்றால் சென்னைதான் என்று சொல்வாரும் உண்டு. மாவை மெல்லிதாகத் தேய்ப்பதற்கு மலாய் மொழியில் உள்ள சொல்லே அது என்பாரும் உண்டு. தே தாரிக் என்றால் இழுத்த தேநீர். டின்னில் வரும் கட்டிப்பாலைச் சேர்த்து, ஒரு கையிலிருந்து மறு கைக்கு உயரத் தூக்கி ஆற்றுவது. நம்மூர் டீ மாஸ்டர் பார்த்தால், இது நம்ம வேலைதானே என்பார்.

அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளை மாமாக் கடை என்கிறார்கள். நம் மாமா என்ற உறவுச் சொல்லே அங்கே அப்படியாகிவிட்டது. சீனர்கள் நடத்தும் காப்பிக் கடைக்குக் கோப்பித்தியாம் என்று பெயர். கோப்பி மலாய்ச் சொல். தியாம் என்றால் ஹொக்கியன் சீன மொழியில் கடை. இவற்றில் பலவற்றைத் தொடங்கியவர்கள் ஹைனான் தீவிலிருந்து சென்ற சீனர்கள். வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர்கள் அவர்களில் பலர்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பினாங்கு சென்றிருந்தபோது, தினமும் காலையில் இப்படி ஒரு கடையில்தான் பசியாறினோம். காலை உணவு உண்பதை அங்குள்ள தமிழர்கள் இன்றும் "பசியாறுவது" என்றே சொல்கிறார்கள்; கேட்கவே இனிமையாக இருக்கிறது. நெருப்பில் வாட்டிய ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வெண்ணெயும், காயா எனப்படும் தேங்காய்ப்பால் முட்டை ஜாமும் தடவித் தந்தார்கள். அரைவேக்காட்டு முட்டையைத் தட்டில் உடைத்து, சோயா சாற்றையும் வெள்ளை மிளகுத் தூளையும் தூவிக்கொள்ள வேண்டும். காப்பியை நீண்ட துணிப்பையில் வடிகட்டுகிறார்கள். முட்டையை நாம் தொடவில்லை. ஆனால் அந்தக் காப்பியும் காயா ரொட்டியும் இன்னும் நாக்கில் நிற்கின்றன.

வியாபாரியின் கண்ணுக்குச் சாப்பாட்டை விடச் சுவையாகத் தெரிந்தது அந்தக் கடையின் ஏற்பாடுதான். கடைக்காரர் காப்பி, டீ, குளிர்பானம் மட்டுமே விற்கிறார். அதே கூரையின் கீழ் ஒரு மூலையில் ஒருவர் நூடுல்ஸ் போடுகிறார்; இன்னொரு மூலையில் ஒருவர் சோறு விற்கிறார். அவர்கள் கடைக்காரருக்கு வாடகை கொடுத்து வண்டி போட்டவர்கள். வாடிக்கையாளர் எந்த மேஜையிலும் உட்காரலாம். யாரிடமும் எதையும் வாங்கலாம். சாப்பிட்டவருக்குத் தாகம் எடுக்கும். அந்தக் காசு கடைக்காரருக்கு வருகிறது. சோற்றுக்காரருக்குக் கூட்டம் பெருகினால் காப்பி விற்பனையும் பெருகும். ஆகவே ஒருவர் மேல் ஒருவர் பொறாமைப்பட அங்கே இடமில்லை.

எல்லாரும் எல்லாக் கடையிலும் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பன்றிக்கறி விற்கும் கடைக்கு முஸ்லிம்கள் போக மாட்டார்கள். அவரவர் கட்டுப்பாடு அவரவருக்கு. அப்படியிருந்தும் மாமாக் கடை மேஜைகளில் மூன்று இனத்தாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

பினாங்கில் பேர் பெற்ற நாசி கண்டார் சோற்றின் கதையையும் நம் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கண்டார் என்பது நம் காவடி போன்ற சுமைக்கழி. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். பிறகு அந்தத் தொழில் பெரிய கடைகளாக வளர்ந்தது. கழி சுமந்தவனை அன்று ஊர் விரட்டியிருந்தால், இன்று பினாங்குக்கு அந்தப் பேர் கிடைத்திருக்குமா?

இப்போது நம் கணக்குக்கு வருவோம். ஒரு டிபன் வண்டிக்காரர் நாளொன்றுக்குப் பத்துக் கிலோ இட்லி அரிசி ஊறப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலுக்கு ஒன்று வீதம் இரண்டரைக் கிலோ உளுந்து வேண்டும். மாதத்துக்கு 300 கிலோ அரிசி, 75 கிலோ உளுந்து. அரிசி மட்டும் 26 கிலோ சிப்பத்தில் பதினொன்றரைச் சிப்பம். எண்ணெய், துவரம் பருப்பு, பொட்டுக்கடலை, மிளகாய், சர்க்கரை, டீத்தூள் எல்லாம் இதற்கு மேல். ஒரு குடும்பம் மாதத்துக்கு ஒரு சிப்பம் வாங்குவதாக வைத்தாலும், பதினொரு குடும்பத்தின் அரிசி வியாபாரம் நம் வாசலிலேயே நிற்கிறது. அதைத்தான் நாம் விரட்டச் சொல்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. செல்போனில் பொத்தானை அழுத்தினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பருப்பும் எண்ணெயும் வீடு தேடி வருகிற காலம் இது. விலையில் அவர்களோடு நாம் மல்லுக்கு நிற்க முடியாது. ஆனால் விடியற்காலையில் மீன் மார்க்கெட்டுக்கு வருபவரும், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்டு போகிறவரும், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவரும் நின்று நாலு இட்லி சாப்பிட்டு நாலு வார்த்தை பேசிப் போகும் இடத்தை எந்தக் கம்பெனியும் பார்சல் கட்டி அனுப்ப முடியாது. அப்படி நிற்பவர் திரும்பும்போது அரைக் கிலோ ரவையோ ஒரு பாக்கெட் பிஸ்கட்டோ நம்மிடம்தான் வாங்குகிறார். வண்டி போனால் அந்தக் கால்களும் நம் வாசலை விட்டுப் போகும்.

எதிர்ப்பவர்கள் சொல்லும் குறைகளும் உண்மையே. எச்சில் இலை சிதறுகிறது. பைக் நிறுத்த இடமில்லை. சாக்கடையில் எண்ணெய் கொட்டுகிறார்கள். வாசலில் அடுப்பு எரிவதும் ஆபத்து. இவற்றைச் சரிசெய்ய ஒப்பந்தம் போதும். கோப்பித்தியாம்காரரைப் போல நாமும் சிறு வாடகை பேசி எழுதிக்கொள்ளலாம். குப்பைக் கூடை அவருடையது, தண்ணீரும் விளக்கும் நம்முடையது. பாதையை மறிக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு வைத்திருக்க வேண்டும். காலை பத்து மணிக்குள் இடத்தைக் கழுவிவிட்டுப் போக வேண்டும். சரக்கு நம் கடையில், மொத்த விலைக்கு. நாமும் ஒரு கட்டுப்பாடு ஏற்க வேண்டும். அவருக்குக் கூட்டம் சேர்வதைப் பார்த்து, மறுமாதமே நாமே இட்லிக் கொப்பரை வைக்கக் கூடாது. அவரவர் தொழிலை அவரவர் செய்தால்தான் இரண்டு அடுப்பும் எரியும்.

ஒப்பந்தத்தை மீறி ஒழுங்கின்றி நடப்பவரைப் பற்றிச் சங்கத்தில் புகார் வரட்டும், நடவடிக்கை எடுக்கலாம். ஒட்டுமொத்தமாக வண்டிகளை அகற்றக் கோரி மனுக் கொடுக்கும் தீர்மானம் பொதுக்குழுவுக்கு வந்தால், நாம் எதிர்த்தே கை தூக்குவோம். வணிகப் பெருமக்கள் அதற்குமுன் தங்கள் பேரேட்டைப் புரட்டி, வாசலில் நிற்கும் வண்டிக்காரர் பேரில் மாதம் எவ்வளவு சரக்கு போகிறது என்று ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டுகிறோம்.